இணையக் கடையில் கணக்குப் போட வேண்டியது யார்?

நம் வணிகர்களில் பலர் இன்று கடைக்கென்று ஓர் இணையதளமோ செல்போன் செயலியோ வைத்திருக்கிறார்கள். மொத்த வியாபாரிகள் சிலர் சில்லறைக் கடைகளிடமிருந்து ஆர்டர் வாங்கவும், பாக்கி விவரம் காட்டவும் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். செய்து கொடுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கம்ப்யூட்டர் நிறுவனத்தார், அல்லது படித்து முடித்த தெரிந்த வீட்டுப் பிள்ளை. பக்கம் பார்வையாக இருக்கிறதா, பருப்புப் படம் பளிச்சென்று தெரிகிறதா, செல்போனில் எழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து விடுகிறோம். "கணக்கு எங்கே போடப்படுகிறது?" என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள்தாம் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர் கையிலிருக்கும் செல்போனில். மற்றொன்று, நாம் வாடகை கொடுத்து வைத்திருக்கும் சர்வரில். முதல் இடத்தில் போட்ட கணக்கை நம்பிச் சரக்கு அனுப்பினால், வாங்க வந்தவரே பில் எழுதி, அவரே விலை போட்டு, நாம் தலையாட்டிச் சரக்கை ஏற்றிவிட்டதாக ஆகும். கல்லாப் பெட்டியருகே பிறரை அண்டவிடாத நாம், இணையக் கடையில் இதற்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் படிப்பு இல்லாதவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய விஷயம்தான் இது.

இரண்டு கணிப்பொறிகள்

வாடிக்கையாளர் நம் தளத்தின் முகவரியைத் தட்டியதும் நம் சர்வரிலிருந்து ஒரு கட்டு அவருடைய செல்போனுக்குப் போய்ச் சேருகிறது. அதில் எழுத்தும் படமும் இருக்கும். கூடவே 'ஸ்கிரிப்ட்' எனப்படும் சிறு புரோகிராமும் இருக்கும். பொத்தானைத் தொட்டால் எண்ணிக்கை கூடுவதும், மொத்தத் தொகை மாறுவதும், பின்கோடு தவறாக இருந்தால் சிவப்பு எழுத்து வருவதும் இந்த ஸ்கிரிப்டின் வேலை. பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதப்படும் இது, வாடிக்கையாளருடைய செல்போனில், அவருடைய பிரௌசருக்குள் ஓடுகிறது. நம் சர்வரில் ஓடுவதில்லை.

சர்வரில் ஓடுவது வேறு புரோகிராம். பி.எச்.பி., ஜாவா, பைத்தான் என்று எந்த மொழியிலும் அது இருக்கலாம். விலைப்பட்டியல், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பேரேடு, வரி விகிதம் ஆகியவை அடங்கிய டேட்டாபேஸ் அதன் பொறுப்பில் இருக்கிறது. நம்முடைய வழக்கில் சொன்னால் ஸ்கிரிப்ட் என்பது கடை முன்னால் நிற்கும் பையன். சர்வர் புரோகிராம் என்பது உள்ளே பேரேட்டுடன் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. ஒரே ஒரு வித்தியாசம்: இந்தப் பையன் நம் கடை வாசலில் நிற்கவில்லை, வாடிக்கையாளர் வீட்டில் நிற்கிறான். அங்கே அவனுக்கு யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் நமக்குத் தெரியாது.

புதிதாகப் புரோகிராம் எழுதக் கற்றவர்களே குழம்புகிற இடம் ஒன்று உண்டு. பி.எச்.பி. மொழியில் எழுதும்போது சர்வருக்கான வரிகளும் ஸ்கிரிப்ட் வரிகளும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கலாம். அருகருகே இருப்பதால் ஸ்கிரிப்டிலிருந்து சர்வர் புரோகிராமை நேரடியாகக் கூப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். அது முடியாது. பி.எச்.பி. வரிகள் எல்லாம் பக்கம் அனுப்பப்படும் முன்பே சர்வரில் ஓடி முடிந்துவிடும். அவற்றின் விளைவு மட்டுமே வாடிக்கையாளருக்குப் போகிறது. வாடிக்கையாளர் பொத்தானைத் தொடும் நேரத்தில் அந்த வேலை முடிந்து போயிருக்கும். சரக்கைக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, லாரியில் இருக்கும் மூட்டை கிட்டங்கியில் இருக்கும் ஆளைக் கூப்பிட முடியாதல்லவா? மறுபடி ஏதாவது வேண்டுமானால் புதிதாக ஒரு சீட்டு அனுப்பித்தான் கேட்க வேண்டும்.

சீட்டு போய் வருவது எப்படி

சீட்டில் நான்கு விவரங்கள் இருக்கும். எந்த முகவரிக்குப் போகிறது என்பது ஒன்று. விவரம் கேட்க வந்ததா, ஒன்றைப் பதிவு செய்ய வந்ததா என்பது மற்றொன்று. அனுப்பியவர் யார் என்பதற்கான அடையாளச் சீட்டு. இதைக் 'குக்கி' என்பார்கள். கடைசியாகச் சொல்ல வந்த செய்தி: "பொருள் எண் 412, எண்ணிக்கை 3" என்பது போல. செய்தியைப் பெரும்பாலும் 'ஜேசன்' என்ற எளிய அமைப்பில் எழுதுகிறார்கள். பெயர், அதற்கு எதிரே மதிப்பு, அவ்வளவுதான். நம் சிட்டையைப் போன்றதே.

பதிலில் ஓர் எண் முதலில் வரும். 200 என்றால் வேலை முடிந்தது. 400 என்றால் சீட்டு சரியாக எழுதப்படவில்லை. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 500 என்றால் கோளாறு சர்வர் பக்கம். வாடிக்கையாளர் போன் செய்து "500-னு ஏதோ வருது" என்று சொன்னால், அவருடைய செல்போனைக் குறை சொல்லாமல் நம் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்த வசதி ஆரம்பத்தில் இல்லை. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். அன்று அதன் வேலை மிகச் சிறியது. படிவத்தில் பெயர் விட்டுப்போனால் எச்சரிக்கும், கூட்டல் போடும். சர்வரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் பக்கம் முழுவதும் புதிதாக வந்து இறங்க வேண்டும். மூட்டை 2 என்பதை 3 ஆக்கினாலும் திரை வெளுத்து, மீண்டும் நிறைய நேரமாகும். 1999-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரௌசரிலேயே பார்க்கும்படி செய்வதற்காக, பக்கத்தை மாற்றாமல் ஸ்கிரிப்டே சர்வருக்குச் சீட்டு அனுப்பும் ஒரு கருவியை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல் சேர்த்தது. 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் மேப்ஸும் இந்த முறையால்தான் அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். அமெரிக்க மளிகைக் கடைகளில் அதே பெயரில் சுத்தம் செய்யும் பொடி ஒன்று நெடுங்காலமாக விற்பனையில் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இப்போது எழுதும் ஸ்கிரிப்டுகளில் இதே வேலைக்கு 'ஃபெட்ச்' என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். 'போய் எடுத்து வா' என்பதே அதன் பொருள்.

போய் எடுத்து வரச் சொன்ன ஸ்கிரிப்ட், பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. கிட்டங்கிக்கு ஆளை அனுப்பிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் பொட்டலம் மடிப்பது போல, மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதில் வந்ததும் விட்ட இடத்தைத் தொடரும். திரை உறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இரண்டு சீட்டு அனுப்பினால் முதலில் அனுப்பியதற்கே முதலில் பதில் வரும் என்று உறுதி கிடையாது. 'து' என்று தட்டியதற்கான பட்டியல் தாமதமாக வந்து, 'துவரம்' என்று தட்டியதற்கான பட்டியலை அழித்துவிடுவது உண்டு. கவனமாக எழுதுபவர்கள், தட்டுவது சற்று நின்ற பிறகே, அதாவது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பொறுத்தே சீட்டு அனுப்பும்படி அமைத்து, பழைய சீட்டுக்கான பதிலைத் தள்ளிவிடுவார்கள்.

விலையைச் சீட்டில் எழுதக் கூடாது

இனி விஷயத்துக்கு வருவோம். துவரம் பருப்பு மூட்டை ஒன்று ரூ.3,900 என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் மூன்று மூட்டை கேட்கிறார். ஸ்கிரிப்ட் பெருக்கிப் பார்த்து ரூ.11,700 என்று திரையில் காட்டுகிறது. இதுவரை தவறில்லை. இதற்குப் பிறகு சர்வருக்கு என்ன எழுதி அனுப்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"பொருள் 412, எண்ணிக்கை 3" என்று மட்டும் அனுப்பினால் சர்வர் தன் விலைப்பட்டியலைப் பார்த்துத் தானே பெருக்கிக்கொள்ளும். "பொருள் 412, எண்ணிக்கை 3, விலை 3900, மொத்தம் 11700" என்று அனுப்பி, சர்வர் அந்த மொத்தத்தை அப்படியே பில்லில் ஏற்றிக்கொண்டால், அங்கே ஓட்டை விழுந்துவிட்டது. ஏனென்றால் சீட்டு எழுதப்படுவது வாடிக்கையாளரின் கணிப்பொறியில். 3900 என்பதை 39 என்று திருத்த அவருக்குப் பெரிய கைவித்தை எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் பிரௌசரைத் திறந்து எஃப்-12 என்ற பொத்தானை அழுத்தினால் பக்கத்தின் உட்புறம் முழுவதும் திறந்துகொள்ளும். புரோகிராம் எழுதுவோர் பிழை கண்டுபிடிப்பதற்காக எல்லா முக்கிய பிரௌசர்களிலும் இருக்கும் வசதி அது. கல்லூரி முதலாண்டு மாணவர் எவருக்கும் தெரியும்.

இது பழைய நோய். 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், கடைகளுக்கென்று விற்கப்பட்ட ஆர்டர் சாப்ட்வேர்களில் 11-ல் இந்தக் குறை இருப்பதாக எச்சரிக்கை வெளியிட்டது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றில் விலையை எழுதி வைத்து, ஆர்டர் வரும்போது அதையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கைக்கு எட்டாது என்று நினைத்துவிட்டார்கள். அதற்குப் பின் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றும் அவசரத்தில் எழுதப்படும் தளங்களில் அதே முறையைப் பின்பற்றுகிறார்கள், அதுவே சுலபம் என்பதால்.

மூட்டைக்கு ரூ.39 என்று ஆர்டர் வந்தால் பார்த்ததும் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரும் கடையில் தெரியும். ஆனால் திருட நினைப்பவர் 3,900-ஐ 39 ஆக்க மாட்டார், 3,650 ஆக்குவார். நாள்தோறும் விலை மாறும் பருப்பு வியாபாரத்தில் அது முந்தாநாள் விலையாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணிக்கையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. விலையைச் சர்வரே போட்டுக்கொண்டாலும், எண்ணிக்கை கழித்தல் குறியுடன் வரலாமா என்று சரிபார்க்காவிட்டால் இப்படி ஆர்டர் வரும்: பருப்பு 5 மூட்டை ரூ.19,500, எண்ணெய் கழித்தல் 4 டின், டின் ரூ.2,400 வீதம் ரூ.9,600. நிகரம் ரூ.9,900. கணிப்பொறிக்குக் கூட்டல் கழித்தல் சரியாக வந்துவிட்டது. கிட்டங்கியிலிருந்து ஐந்து மூட்டை புறப்பட்டுவிடும். திரையில் கழித்தல் எண் போட முடியாதபடி ஸ்கிரிப்ட் தடுக்கிறது என்று புரோகிராமர் பதில் சொன்னால் அது பதிலாகாது. அந்தத் தடை இருப்பதும் வாடிக்கையாளர் வீட்டில்தான். தள்ளுபடிக் கூப்பனும் அப்படியே. ஒருமுறை பயன்படுத்திவிட்டார் என்ற குறிப்பு சர்வரில் இருக்க வேண்டும்.

திருட்டு எண்ணமே இல்லாத வாடிக்கையாளராலும் தவறு வரும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பிரௌசர்கள் ஒருமுறை இறக்கிய ஸ்கிரிப்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதையே ஓட்டுவதுண்டு. வரி விகிதத்தை ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருந்தால், நாம் 22-ம் தேதி காலையிலேயே மாற்றினாலும் சில வாடிக்கையாளர்களின் செல்போனில் பழைய 18 சதவீதமே கணக்காகிக்கொண்டிருக்கும். செயலியாக இருந்தால் அவர் புதுப் பதிப்பை இறக்கும்வரை பழையதுதான். விகிதம் சர்வரில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கே மாற்றிய நிமிடத்திலிருந்து எல்லாருடைய பில்லும் மாறும்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் கணக்கே போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் சர்வர் பதிலுக்குக் காத்திராமல் உடனே தொகையைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது உத்தேச மதிப்பு. பில் என்பது சர்வர் சொல்வது.

அடுத்தவர் பேரேடு

மொத்த வியாபாரிகள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் தன் பாக்கியைப் பார்க்கப் பொத்தானைத் தொடுகிறார். ஸ்கிரிப்ட் சர்வருக்கு "வாடிக்கையாளர் எண் 1045-ன் கணக்கைக் கொடு" என்று சீட்டு அனுப்புகிறது. சர்வர் கொடுக்கிறது. அவர் 1045 என்பதை 1046 என்று மாற்றி அனுப்பினால்?

அவர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர்தானே என்று சர்வர் 1046-ன் கணக்கையும் எடுத்து நீட்டும் தளங்கள் ஏராளம். உள்ளே வந்தவர் யார் என்று பார்ப்பது வேறு, அவருக்கு இந்த ஏட்டைப் புரட்ட உரிமை உண்டா என்று பார்ப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இணையதளப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு 2021-ல் வெளியிட்ட பத்து பெருங்குறைகளின் பட்டியலில், இந்த வகைக் குறைக்கே முதலிடம் கொடுத்திருந்தது.

நம் வியாபாரத்தில் இதன் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரொக்கமாக எடுப்பவருக்கு ஒரு விலை, முப்பது நாள் கடனுக்கு ஒரு விலை, இருபது வருட உறவுக்கு ஒரு விலை என்று கொடுத்துவருகிறோம். அதில் தவறும் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருக் கடைக்கு மூட்டைக்கு நாற்பது ரூபாய் குறைவாகப் போட்டிருப்பதை ஒருவர் தன் செல்போனிலேயே பார்த்துவிட்டால், இழப்பு நாற்பது ரூபாயோடு நிற்காது. யாருக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறது என்ற விவரம் வெளியே போவது அதைவிடக் கேடு.

சரியான முறை எளிது. சீட்டில் வாடிக்கையாளர் எண்ணே வரவேண்டியதில்லை. "என் கணக்கைக் கொடு" என்று கேட்டால் போதும். 'என்' என்பது யார் என்பதைச் சர்வர், கடவுச்சொல் சரிபார்த்தபோது தானே கொடுத்த அடையாளச் சீட்டைக் கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு பில்லைக் கேட்டாலும், அந்தப் பில் இவருடையதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

பதில் வராத சீட்டு

நம் ஊர்ப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வருவது தெரிந்ததே. வாடிக்கையாளர் ஆர்டர் பொத்தானைத் தொட்டார், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை. சீட்டு நம்மிடம் வந்து சேரவே இல்லையா, அல்லது வந்து பதிவாகி நம் பதில்தான் வழியில் தொலைந்ததா? அவருக்கும் தெரியாது, ஸ்கிரிப்டுக்கும் தெரியாது. அவர் மறுபடி தொடுவார். பத்து மூட்டை கேட்டவருக்கு இருபது மூட்டை போய் இறங்கும். திருப்பி ஏற்றிவரும் லாரி வாடகை யார் தலையில் என்று ஒரு சண்டை.

முதல் தடவை தொட்டதும் பொத்தானை அமுங்காமல் செய்துவிட்டேன் என்பார்கள். நல்லதுதான், ஆனால் போதாது. பக்கத்தை மூடித் திறந்தால் பொத்தான் மறுபடி உயிர்பெற்றுவிடும். செய்ய வேண்டியது இது: ஆர்டர் எழுத ஆரம்பிக்கும்போதே அதற்கென்று திரும்ப வராத ஓர் எண்ணைக் கொடுத்து, அதைச் செல்போனிலேயே குறித்து வைத்துவிட வேண்டும். எத்தனை தடவை தொட்டாலும், மூடித் திறந்தாலும், அதே ஆர்டர் அதே எண்ணுடன் போக வேண்டும். சர்வர் அந்த எண்ணை முன்பே பதிவு செய்திருந்தால் புதிதாக எழுதாமல், "இது ஏற்கெனவே வந்துவிட்டது" என்று பழைய பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் சொன்ன ஆர்டரையே கடிதத்திலும் எழுதி அனுப்புபவர்கள் 'போனில் சொன்னதை உறுதி செய்வது மட்டும்' என்று குறிப்பிட்டதும் இதற்காகத்தானே.

இருப்பு விஷயமும் இதை ஒட்டியதே. கிட்டங்கியில் இரண்டு மூட்டைதான் மிச்சம். இரண்டு கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு மூட்டை கேட்கிறார்கள். இருவர் திரையிலும் 'இருப்பு 2' என்றே இருக்கும். அது பக்கம் திறந்தபோது இருந்த நிலை. ஆர்டரை ஏற்கும் கணத்தில், இருப்பைப் பார்ப்பதையும் கழிப்பதையும் சர்வர் பிரிக்காமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். நல்ல டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இதற்கு வழி இருக்கிறது.

பணம் வந்ததாக யார் சொல்ல வேண்டும்?

கடையில் ஒருவர் ஸ்கேன் செய்துவிட்டு, "அண்ணாச்சி, பணம் போட்டாச்சு, பாருங்க" என்று தன் செல்போனைக் காட்டுகிறார். பச்சை நிறத்தில் டிக் விழுந்திருக்கிறது. நாம் அதைப் பார்த்துச் சரக்கைக் கொடுப்பதில்லை. நம் மேஜைமேல் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாய் திறக்க வேண்டும், அல்லது நம் செல்போனுக்குச் செய்தி வர வேண்டும். போலித் திரைகளைக் காட்டி ஏமாற்றும் ஆட்களைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும்.

இணையக் கடையில் இதே காட்சி நடக்கிறது. வாடிக்கையாளர் பேமெண்ட் நிறுவனத்தின் திரையில் பணம் கட்டுகிறார். முடிந்ததும் அவருடைய பிரௌசர் வழியாக நம் தளத்துக்கு "பணம் கட்டியாகிவிட்டது" என்று ஒரு சீட்டு வருகிறது. கவனிக்க வேண்டும்: அவருடைய பிரௌசர் வழியாக. இது அவர் காட்டும் செல்போன் திரை. இதை மட்டும் நம்பி ஆர்டரை உறுதி செய்தால், பணமே கட்டாமல் அந்தச் சீட்டைக் கையால் எழுதி அனுப்பிவிடலாம்.

2011-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இப்படி வேறு நிறுவனம் மூலம் பணம் வாங்கும் இணையக் கடைகளைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற கடைகளிலும், பலர் பயன்படுத்திய கடைச் சாப்ட்வேர்களிலும் ஓட்டைகள் இருந்தன. வேண்டிய விலைக்குக் குறைத்து வாங்க முடிந்தது. ஒரே ஒரு பொருளுக்குப் பணம் கட்டிவிட்டு, அதைக் கொண்டே மேலும் பொருள்களை இலவசமாக எடுக்கவும் முடிந்தது. கடை, பணம் வாங்கும் நிறுவனம், வாடிக்கையாளர் என்று மூன்று பேர் இருக்கும் இடத்தில், கடையும் நிறுவனமும் ஒருவர் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட, நடுவில் செய்தி கொண்டு போகும் மூன்றாமவர் கை வைத்துவிடுகிறார்.

ஆகவே சர்வர் நான்கு காரியங்களைச் செய்தாக வேண்டும். பணம் கட்டும் திரை திறக்கும் முன்பே, எவ்வளவு தொகை என்பதை நம் சர்வர் நேரடியாகப் பேமெண்ட் நிறுவனத்தின் சர்வருக்குச் சொல்லி, ஒரு எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கட்டிய செய்தியுடன் வரும் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கையொப்பம் என்பது நமக்கும் அந்த நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிடப்படும் நீண்ட எழுத்துத் தொடர். சாவி இல்லாதவரால் அதை உண்டாக்க முடியாது. கட்டிய தொகையும், எந்த ஆர்டருக்குக் கட்டியது என்பதும் நம் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அந்த நிறுவனத்தின் சர்வர் நேரே நம் சர்வருக்கு அனுப்பும் செய்திக்கு ஒரு முகவரி வைத்திருக்க வேண்டும். இதற்கு 'வெப்ஹுக்' என்று பெயர். இதுதான் நம் ஸ்பீக்கர் பெட்டி. வாடிக்கையாளர் பணம் கட்டிய கையோடு செல்போன் அணைந்துபோனாலும் நமக்குத் தகவல் வந்துவிடும். அதிலும் கையொப்பம் பார்க்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் இரண்டு முறை வரவு வைத்துவிடக் கூடாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

உங்கள் தளத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து எஃப்-12 பொத்தானை அழுத்துங்கள். சில கம்ப்யூட்டர்களில் எஃப்-என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். திறக்கும் பகுதியில் 'நெட்வொர்க்' என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஏதேனும் ஒரு பொருளை ஆர்டர் செய்யுங்கள். போகும் சீட்டுகள் ஒவ்வொன்றாக வரிசையில் விழும். ஆர்டருக்கான சீட்டைத் திறந்து, அனுப்பிய செய்தியைப் பாருங்கள். அதில் விலையோ மொத்தமோ தென்பட்டால், அதை வைத்துச் சர்வர் என்ன செய்கிறது என்று செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். வெறுமனே காட்டுவதற்காக என்றால், அதே சீட்டில் விலையை மாற்றி மறுபடி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். பில்லில் விலை மாறாமல் வந்தால் நிம்மதி. இந்தச் சோதனை நம் சொந்தத் தளத்துக்கு மட்டும்தான். பிறருடைய தளத்தில் அனுமதியின்றி இப்படிச் செய்வது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகலாம்.

இன்னொன்றையும் அதே இடத்தில் பார்க்கலாம். பேமெண்ட் நிறுவனம் தந்த ரகசியச் சாவி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிறுவனத்தின் கடவுச்சொல், டேட்டாபேஸ் கடவுச்சொல் இவற்றில் எதுவும் பக்கத்தோடு வரும் ஸ்கிரிப்டில் இருக்கக் கூடாது. பேமெண்ட் நிறுவனங்கள் இரண்டு எண்கள் கொடுப்பது வழக்கம். ஒன்று வெளியே தெரியலாம், மற்றது ரகசியம். இரண்டையும் ஒரே கோப்பில் எழுதிவிடும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால், அந்த வரியை நீக்கிவிட்டேன் என்று அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய ஸ்கிரிப்ட் எத்தனை பேருடைய கணிப்பொறியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பேமெண்ட் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்துக்குள் சென்று பழைய சாவியை ரத்து செய்து, புதுச் சாவி வாங்கி, அதைச் சர்வரில் மட்டும் வைக்கச் செய்யுங்கள். அன்றே செய்ய வேண்டிய வேலை இது.